வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து

ஜெலுத்தோங், பதினோராம் மாடி.
மின்தூக்கி நின்று இன்றோடு பன்னிரண்டு நாள்.
நான் லண்டனுக்குத் தமிழ் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொலைக்காட்சிக்காரர்கள் நிமிடத்துக்கு எட்டு வெள்ளி தருகிறார்கள்.
வரிக்கு முப்பத்தெட்டு எழுத்து, மேலே போகக் கூடாது.
திரையில் ஒருவர் வாசலில் நின்று
சிவப்புப் பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்.
கீழே 'நிதியமைச்சர்' என்று போட்டால் முடிந்தது வேலை.
ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு
அகராதியைத் திறந்தவர்கள் உருப்பட்டதில்லை.

அந்த மனிதரின் பட்டத்தில் முன்பாதி
ரோமாபுரி நீதிமன்றத்தில்
கிராதி ஓரமாக நின்ற வாயில்காவலன்.
பின்பாதி ஒரு மேசைத்துணி.
கட்டம் போட்ட துணி.
கட்டத்துக்குக் கட்டம் காய் நகர்த்தி
மன்னனுக்கு வரவேண்டியதை எண்ணினார்களாம்.
எழுத்தறியாதவனும் கண்ணால் பார்த்து
கடனை ஒப்புக்கொள்ளலாம்.

கட்டம் போட்ட துணி என்றதும்
நாகமுத்துவின் கைலிதான் நினைவில் வந்தது.

எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் பெண்டஹாரி.
அறிவிப்புப் பலகையில் மலாயில் அப்படித்தான் இருக்கிறது.
அந்தச் சொல்லை நகத்தால் சுரண்டினால் நம் பண்டாரம்.
கருவூலமும் பண்டாரம்
திருவோட்டோடு தெருவில் நிற்பவனும் பண்டாரம்.
மொழிக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது.

பிரபுவைக் கிண்டினேன்.
உள்ளே ரொட்டிக் காவலன்.
அவர் சீமாட்டி, மாவு பிசைபவள்.
அப்படியானால் மாலை நாலரைக்கு
மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்து வரும் காதர் மைதீன்
எந்தச் சபையில் உட்கார வேண்டியவர்?
மூன்றாம் மாடிக்காரர்கள் கூடையைக் கயிற்றில் இறக்குகிறார்கள்.
நாங்கள் ரொட்டியை மறந்துவிட்டோம்.

வாத்தியாருக்கு அவர்கள் வைத்த பெயரில் 'அதிகம்' இருக்கிறது.
மந்திரிக்கு வைத்த பெயரில் 'குறைவு'.
மந்திரி என்றால் ஏவலாள், எச்சில் தட்டு எடுப்பவன்.
நம் அமைச்சர் எங்கே பிறந்தார் என்பதில்
அகராதிகளுக்குள் இன்னும் ஒற்றுமையில்லை.
பிறப்புப் பத்திரம் இல்லாமல் அலைகிறவர்
இந்த நாட்டில் அவர் ஒருவர்தானா.

கொறடா மட்டும் தொல்லை தரவில்லை.
அங்கேயும் சாட்டை, இங்கேயும் சாட்டை.

கடைசியில் என் பட்டம் வந்தது.
போன தேர்தலில் யாரும் கை தூக்காததால்
குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளர்.
நம் சொல்லில் செயல் இருக்கிறது.
அவர்கள் சொல்லில் செயலே இல்லை,
இரகசியம்தான்.
ஒன்றைத் தெரிந்துகொண்டு
வாய்மூடி இருக்கச் சம்பளம் வாங்குபவன்.
எனக்குச் சம்பளமும் இல்லை.

ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
படியில் உட்கார்ந்து நாகமுத்து சொன்னார்:
"சங்கத்துப் பணம் அறுநூற்று நாற்பது வெள்ளி.
செல்லக்கண்ணுவுக்கு டயாலிசிஸ் கட்டிட்டேன்.
டிசம்பர் போனஸ் வந்ததும் போட்டுடறேன்."
கைலியின் கட்டங்களை விரலால் எண்ணுவதுபோல்
தடவிக்கொண்டே இருந்தார்.
மின்தூக்கிக்காரனுக்கு முன்பணம் கேட்டது
அறுநூறு.

வியாழன் கூட்டம். புவான் ரொகாயா கணக்கு கேட்டிருக்கிறார்.
வரைவில் நான் எழுதி வைத்த வரி:
'பொருளாளர் கணக்கு சமர்ப்பிக்கவில்லை.'
அதன்மேல் குறுக்கே கோடிழுத்தேன்,
நெடுக்கே இழுத்தேன், மறுபடி குறுக்கே.
எழுதியதை அடிக்கும் சொல்லும் அவர்களிடம்
அந்தக் கிராதியில் பிறந்ததுதான்.
கம்பிகளுக்குப் பின்னால்
எழுத்துகள் இன்னும் தெரிகின்றன.

திரையில் சிவப்புப் பெட்டி இறங்காமல் நிற்கிறது.
நிதியமைச்சர், என்று போட்டேன்.
ஏழு எழுத்து. முப்பத்தொன்று மிச்சம்.

காலை ஆறு மணிக்குச் செல்லக்கண்ணுவை
ஒன்பதாம் மாடியிலிருந்து நாற்காலியில் வைத்து இறக்க வேண்டும்.
மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள்.
நான்காவது காலுக்கு
என் பெயரை எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன்.